தாலி இல்லாத கெட்டிமேளம்

நான் பிரெஞ்சில் ராப் பாடுகிறவள். மொன்ரியலில் பதினெட்டு வயதிலிருந்து பாடுகிறேன், நன்றாகவே பாடுகிறேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தால் இந்த ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஏன் பிரெஞ்சில் பாடுகிறாய் என்று தமிழர்கள் கேட்பார்கள். உன்னுடைய சொந்த இசை எது என்று இங்கத்தைய பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்று இந்த மாகாணம் சட்டம் வைத்தது, போனோம். வகுப்பில் எனக்கு ஒரு பக்கத்தில் ஹெயிட்டிக் குடும்பத்துப் பொடியன், மற்றப் பக்கத்தில் மொரோக்கோக் குடும்பத்துப் பெட்டை. உள்ளே இலக்கணம் படித்தோம். வெளியே முற்றத்தில் வேறொரு பிரெஞ்சு படித்தோம். அதில் கொஞ்சம் ஹெயிட்டிக்காரரின் கிரெயோல் இருக்கும், கொஞ்சம் அரபு இருக்கும், ஆத்திரம் வந்தால் கியூபெக் கிழவர்கள் தேவாலயப் பொருட்களின் பெயரைச் சொல்லித் திட்டுகிற தூஷணமும் இருக்கும். அந்தப் பிரெஞ்சில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கோபம் வருகிற பாஷையில்தான் ராப் பாட ஏலும்.

அந்தப் பொடியனும் பெட்டையும்தான் இப்போது என் குழு. அவன் பீட் செய்கிறவன். அவன் வீட்டில் ஓடிய கொம்பா என்கிற ஹெயிட்டி நடன இசையின் ஆட்டம் அவன் எதைத் தட்டினாலும் அடியில் கிடக்கும். அவள் கெம்ப்ரி வாசிப்பாள். மூன்று நரம்பு கட்டிய மொரோக்கோ வாத்தியம், வயிற்றுக்குள்ளிருந்து கதைப்பதுபோல ஒரு சத்தம். எங்கள் மூன்று பேருக்கும் வீட்டுப் பாட்டு வேறு வேறு. வீதிப் பாட்டு ஒன்றுதான். கலவை இசை என்று ஆட்கள் பெரிய பெயர் வைக்கிறார்கள். எங்களுக்கு அது பள்ளிக்கூட முற்றம், அவ்வளவுதான்.

அம்மா மட்டும் ஒருநாளும் வந்து கேட்டதில்லை.

அம்மா என்னையும் அண்ணையையும் தனியாக வளர்த்தவ. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஷபானல் தெருவில் உள்ள தையல் தொழிற்சாலைகளில் வேலை. கோட்டுக்குக் கை தைக்கிற வேலை, வருடக்கணக்காகக் கை மட்டும். அந்தத் தொழிற்சாலைகள் இப்போது மூடிவிட்டன. அந்தக் கட்டிடங்களை அறை அறையாகப் பிரித்துப் பாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் பயிற்சி அறையும் அங்கேதான். நான் அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியில் வர எவ்வளவு பாடுபட்டேன், நீ வாடகை கட்டி உள்ளுக்குப் போகிறாயே என்று அம்மா சொல்லுவா.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. என்னுடைய கெட்டிமேளத்தைக் கேட்கவேண்டும். நான் கலியாணம் கட்டுவதில்லை என்று முப்பது வயதில் முடிவெடுத்தேன். காதல் தோல்வி ஒன்றும் இல்லை, ஆண்களில் வெறுப்பும் இல்லை. பகலில் பார்மசியில் வேலை, பின்னேரத்தில் பாட்டு, வீட்டில் அம்மா. என் வாழ்க்கை எனக்கு நிறைந்துதான் இருந்தது. இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், அழுது சொன்னேன், கத்திச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ரை கெட்டிமேளம் கேட்டிட்டுத்தான் நான் கண்ணை மூடுவன்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விடுவா. புரோசார்டில் உள்ள ஒரு அன்ரி மாதத்துக்கொரு மாப்பிள்ளையோடு போன் எடுப்பா. அம்மா அந்தப் போனை வெளிவிறாந்தைக்குக் கொண்டுபோய்க் கதைப்பா. அம்மா சாகும்வரை என்னைக் குறையாகத்தான் பார்ப்பாவோ என்ற பயம் எனக்கு இருந்தது. மேடையில் எதற்கும் பயப்படாத நான் அதற்குப் பயந்தேன்.

போன வருடம் ஒரு பாட்டுச் செய்துகொண்டிருந்தோம். அடியில் கொம்பா, நடுவில் கெம்ப்ரி, மேலே என் குரல். எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு எழும்பவில்லை. மேலே காய்ந்த, கெட்டியான ஒரு சத்தம் வேண்டும் என்று பீட் செய்கிறவன் கம்ப்யூட்டரில் உள்ள மேளம் எல்லாவற்றையும் வைத்து வைத்துப் பார்த்தான். பிறகு ஒருநாள் டொலார்டில் என் அண்ணை வீட்டுப் பிறந்தநாளுக்கு வந்தவன், மூலையில் இருந்த தவிலில் ஒரு தட்டுத் தட்டினான். அன்று அவன் தவிலை விட்டு எழும்பிக் கேக் சாப்பிடவே வரவில்லை.

அண்ணை கிழமை நாட்களில் நகர பஸ் ஓட்டுகிறவர். சனி ஞாயிறு என்றால் கலியாண வீடுகளில் தவில். இந்த ஊர்த் தமிழரில் அரைவாசிப் பேருக்குத் தாலி ஏறியது தன் மேளத்தில்தான் என்று பகிடியாகச் சொல்லுவார். எங்களோடு வாசிக்கக் கேட்டபோது உடனே ஓம் என்றார். எனக்கே ஆச்சரியம். அறைக்கு வந்து விரல்களில் கூடுகளை மாட்டி, மற்றக் கையில் குச்சியை எடுத்து, கொம்பாவுக்குள் நுழைந்தார் பாருங்கள், கெம்ப்ரிக்காரி வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தாள். பாட்டு எழும்பிவிட்டது.

ஆனால் பீட் செய்கிறவனுக்கு ஆசை விடவில்லை. எங்கேயோ ஒரு கலியாண வீடியோவில் கெட்டிமேளத்தைக் கேட்டுவிட்டான். அதைப் பாட்டின் உச்சியில் வைக்கவேண்டும் என்று நின்றான். அண்ணைக்கு முகம் மாறிவிட்டது.

"எதையும் வாசிப்பன். கெட்டிமேளம் மட்டும் கேக்காதை. தாலி இல்லாமல் கெட்டிமேளம் இல்லை."

நான் அதைப் பிரெஞ்சில் விளக்கினேன். கலியாணத்தில் மேளகாரர் எதை வாசித்துக்கொண்டிருந்தாலும் ஐயரின் கையிலேயே கண் இருக்கும். ஐயர் விரலை உயர்த்தினால் ராகம் தாளம் எல்லாம் அந்த இடத்திலேயே அறுந்து கெட்டிமேளம் விழும். தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது. சபை எழும்பி அட்சதை போடும். அது சும்மா வாசிக்கிற வாசிப்பு இல்லை, ஒரு வேலை. கேட்டுவிட்டு அவன் தலையாட்டினான். ஹெயிட்டியிலும் காரணமில்லாமல் அடிக்கக்கூடாத அடி இருக்கிறது என்றான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

அந்தப் பாட்டை முதல்முதல் பாடப்போகும் நிகழ்ச்சி ஒரு ஞாயிறு மாலை. வழக்கம்போல அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல முழங்கால் நோவு என்றா. அண்ணையும் வாசிக்கிறார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே எத்தனை மணிக்கு என்று கேட்டா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மகள் பாடியபோது நொந்த முழங்கால் மகன் மேளம் அடித்தால் நோகாதா? நேரத்தை மட்டும் சொன்னேன். வந்தால் போதும்.

அன்று மதியம் அண்ணை ஒரு கலியாணத்தில் வாசிக்கவேண்டி இருந்தது. அது இழுபட்டுப்போய், மேடையில் ஒலியைச் சரிபார்க்கும் நேரத்துக்கு அவரால் வர முடியவில்லை. நிகழ்ச்சி தொடங்கக் கொஞ்சம் முதல்தான் வேட்டியோடும் நெற்றித் திருநீறோடும் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உடுப்பை மாற்ற வேண்டாம், இப்படியே நில்லுங்கள் என்றேன். பார்க்க ராசாபோல இருந்தார்.

மண்டபத்தில் ஆட்கள் நின்றுதான் கேட்பார்கள். முதியவர்களுக்கு ஓரமாகச் சில கதிரைகள் போட்டிருந்தார்கள். அம்மா நல்ல சேலை உடுத்து, அண்ணிக்கும் கோயிலில் பழக்கமான இரண்டு அன்ரிமாருக்கும் நடுவில் இருந்தா. வாசலில் எல்லாருக்கும் கடதாசிக் கிண்ணத்தில் சோளப்பொரி கொடுத்தார்கள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

பாட்டின் மூன்றாவது பகுதி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் பீட் நின்றுவிடும், கெம்ப்ரி மட்டும் மெல்ல ஓடும், தவில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வரும். நான் அதன் மேல் கிசுகிசுப்பாகப் பாடுவேன். அவை கோட்டுக் கை தைக்கிற ஒரு பெண்ணைப் பற்றிய வரிகள். யாரைப் பற்றி என்று அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அம்மாவின் பிரெஞ்சு பொன்ஷூர், மெர்சியோடு நிற்கும். எப்படியும் விளங்கப்போவதில்லை என்று துணிந்துதான் எழுதினேன்.

இங்கே ஒரு மேடைப் பழக்கத்தைச் சொல்லவேண்டும். பாடுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அதில் சத்தம் போதாவிட்டால், பின்னால் ஒலி பார்க்கிறவரை நோக்கி விரலை மேலே உயர்த்துவோம். கூட்டு என்று அர்த்தம். பாட்டை நிறுத்தாமல் கேட்கிற வழி அது. எங்கள் பயிற்சி அறை சின்னது, அங்கே யாரும் விரலை உயர்த்த வேண்டி வந்ததில்லை.

பீட் செய்கிறவனுக்குக் கெம்ப்ரி கேட்கவில்லை. விரலை உயர்த்தினான்.

அண்ணை விரலைக் கண்டார்.

இடி விழுந்தது. கெட்டிமேளம், முழுக் கெட்டிமேளம், கை ஓய்வில்லாமல். கெம்ப்ரிக்காரி துள்ளிவிட்டாள். விரலைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான், விரல் இறங்கும்வரை அண்ணையும் நிறுத்தவில்லை. ஓரக் கதிரையில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க எழும்பி நின்றது. யாரும் யோசித்து எழும்பவில்லை, கால் தானாக எழும்பியது. அம்மா முழங்கால் நோவையெல்லாம் மறந்து எழும்பி, கிண்ணத்துக்குள் கையை விட்டு, ஒரு கை சோளப்பொரியை என் பக்கமாக எறிந்தா. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள். இந்தப் பாட்டுக்கு இப்படித்தான் செய்யவேண்டுமாக்கும் என்று நினைத்தார்கள்போல, அவர்களும் எறிந்தார்கள். பிறகு மண்டபம் முழுக்க வெள்ளையாகப் பறந்தது.

நான் நிறுத்தவில்லை. கிசுகிசுத்த வரியைக் குரலெடுத்துப் பாடினேன், வேகத்தை இரட்டித்தேன், தவிலுக்கு மேலே ஏறி நின்று பாடினேன். தையல் மெசினின் சத்தத்தைப் பற்றிய வரி தவில் சத்தத்துக்குள் போய் விழுந்தது. தலைமயிர் எல்லாம் சோளப்பொரி. என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் பாடியதில்லை. அடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

முடிந்ததும் பீட் செய்கிறவன் அண்ணையைக் கட்டிப்பிடிக்கப் போனான். அண்ணை கும்பிட்டு விலகிவிட்டார். வியர்வையில் திருநீறு கரைந்து ஓடியது. விரலைக் கண்டேன், கை தானாகப் போட்டுவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலியாணமாகாத தங்கச்சி நிற்கிற இடத்தில் தாலியில்லாமல் அதை வாசித்துவிட்டோமே என்று அவருக்கு மனம் ஆறவில்லை. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். நான் அவரை விட்டுவிட்டு ஓரக் கதிரைகளில் அம்மாவைத் தேடினேன். எந்தச் சத்தத்துக்காக அம்மா காத்திருந்தாவோ, அதை இப்படிக் கேட்க வைத்துவிட்டோம்.

காரில் அம்மா பின்னால் இருந்தா, நான் அண்ணைக்குப் பக்கத்தில். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பார்க் அவெனியூவுக்குத் திரும்பும்போது அண்ணை தொடங்கினார்.

"அம்மா, பெரிய பிழை விட்டிட்டன். தாலி இல்லாமல் வாசிச்சுப் போட்டன்."

"ஆருக்கு வாசிச்சனி?"

அண்ணை கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சிக்குத்தான்."

"பேந்தென்ன பிழை," என்றா அம்மா.

சேலை மடிப்பில் இருந்த ஒரு சோளப்பொரியை எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. வீட்டுக்கு வந்து சேலையை மடித்தா, குளிசை போட்டா, படுத்துவிட்டா. சந்தோஷமா, கோபமா, ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கிழமை நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. புரோசார்ட் அன்ரி. கனடாவில் பிறந்த பொடியன், எஞ்சினியர், வயதும் பொருந்துது என்று அவவின் குரல் எனக்கே கேட்டது. அம்மா வழக்கமாகப் போனை எடுத்துக்கொண்டு வெளிவிறாந்தைக்குப் போறவ. அன்று போகவில்லை. எனக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அன்ரி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டா.

"இல்லையப்பா, இனிப் பாக்க வேண்டாம்," என்றா. "பிள்ளையின்ரை கெட்டிமேளம் நான் கேட்டிட்டன். சபையே எழும்பி நிண்டது."