சில்பியில் குடித்த பார்லிச் சூப்

சூரிச்சுக்குக் கிட்ட, ஆரா நகரத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடி எண்பதுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பேச்சு எப்படியும் சில்பியில் வந்து நிற்கும். சில்பி என்பது இங்கே இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் போடும் பெருஞ்சந்தை. இராட்டினம், மாட்டுக் கண்காட்சி, சொசேஜ் சுடும் புகை, பியர்க் கூடாரம் எல்லாம் சேர்ந்தது. ஒருவர் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு முதன்முதல் இராட்டினம் ஏறியதைச் சொல்லிச் சிரிப்பார். இன்னொருவருக்குப் பரிசுச் சீட்டில் ஓர் ஆள் உயரக் கரடிப் பொம்மை விழுந்ததாம். அதைப் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருத்திக்கொண்டு வந்தாராம். குறை சொல்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. எங்களைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்த மனுசிமார், சனத்துக்கு நடுவில் எங்களை மட்டும் நிறுத்தி அடையாள அட்டை கேட்ட பொலிஸ், சட்டி நிறைய வைத்துக்கொண்டு முடிந்துவிட்டது என்று சொன்ன கடைக்காரன். நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுகிறேன் என்று எழும்பிவிடுவேன். எனக்குச் சில்பி பிடிக்காது. ஏன் என்று கேட்டால் சத்தம் என்பேன், எண்ணெய் மணம் என்பேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவுமில்லை.

அப்போது நாங்கள் ஒன்பது பேர் ஆராவுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டில் இருந்தோம். எல்லோரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள். ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, ஒன்பது பேரின் கோபம். என்னோடு ஒரே அறையில் இருந்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சட்டி பானை தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கூடப் பூட்டித்தான் வேலைக்குப் போவார்.

அவருக்கு ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அண்ணையும் அவருடைய அக்காவும் வளர்த்த பிள்ளை. முதலில் நான் போகிறேன், பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணை வெளிக்கிட்டு வந்தார். வந்து ஆறு மாதத்தில் ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பிள்ளையை ஆமி லொறியில் ஏற்றிப் போய்விட்டது. தெற்கில் எங்கேயோ ஒரு முகாமில் இருப்பதாகக் கேள்வி. கடிதம் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் நாலு வரி. அந்த நாலு வரியை அண்ணை எனக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது.

தம்பி உயிரோடு வெளியில் வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று அவர் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். ஊரில் இது பெரிய காரியமில்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று வீட்டில் பிரித்தே வைத்திருப்பார்கள். இங்கே எண்பதுகளில் சைவம் என்று சொன்னால் வெள்ளைக்காரன் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இப்போது சரியா என்று சிரிப்பான். அண்ணையின் கடைச் சமையல்காரனும் அப்படித்தான் செய்தான். அவர் நன்றி சொல்லிவிட்டு, பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு பன்றிக் கொழுப்புப் படிந்த சட்டிகளைத் தேய்த்தார்.

வீட்டிலும் தனிச் சட்டி, தனி அகப்பை. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருப்பார். அதை யாரும் எடுத்துவிடாமல் பார்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது, ஏனென்றால் ஒரே அறை. எட்டுப் பேருக்குக் கோழிக்கறி காய்ச்சும்போது நான் காவல் நிற்க வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயது, மூக்கு நுனியில் கோபம். இந்த மனுசன் கத்தரிக்காய் தின்றால் அங்கே கதவு திறக்குமோ என்று மனதுக்குள் எரிந்துகொண்டுதான் சட்டியைக் காத்தேன். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டு வந்ததையும் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கழுத்துப் பொத்தானுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

தேவாலயத்துப் பெண்கள் சிலர் வாரத்துக்கு ஒரு தரம் வந்து எங்களுக்கு வரும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களை வாசித்துச் சொல்லுவார்கள். அந்த ஒக்டோபரில் அவர்கள் ஒரு கட்டுக் கூப்பன் கொண்டுவந்து தந்தார்கள். சில்பியில் விளையாட்டுக் கார் ஓடலாம், அவர்களுடைய கூடாரத்தில் சூப் குடிக்கலாம். தானம் கிடைத்த மாட்டைப் பல்லுப் பிடித்துப் பார்ப்பார்களோ? எல்லோரும் வெளிக்கிட்டார்கள். அண்ணை மட்டும் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"அவன் உள்ளுக்குள்ள என்ன பாடுபடுறானோ தெரியாது. நான் போய் ராட்டினம் ஏறுறதோ?" என்றார்.

போகாவிட்டால் அந்தப் பெண்கள் குறை நினைப்பார்கள் என்று சொன்னேன். அவர்கள் இல்லாவிட்டால் நாளைக்குக் கடிதம் வந்தால் ஆர் வாசிப்பது என்றேன். கையைப் பிடித்து இழுக்காத குறை. கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் சப்பாத்தைப் போட்டார்.

நல்ல மழை. மைதானம் முழுக்கச் சேறு, சேற்றின் மேல் வைக்கோல். ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டுப் பாடிக் காதைக் கிழித்தது. அண்ணைக்குப் பிடித்த ஒரே இடம் மாட்டுத் தொழுவம். கொம்பில் பூக்கட்டிய ஒரு பழுப்புப் பசுவின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கமக்காரன் ஒன்றும் விளங்காமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். மற்ற இடமெல்லாம் சொசேஜ், பன்றித் தொடை, நெருப்பில் சுழலும் கோழி. காலையில் குடித்த தேத்தண்ணியைத் தவிர அவர் வயிற்றில் ஒன்றும் இல்லை. பின்னேரம் மூன்று மணிபோல ஒரு மர வாங்கில் இருந்துவிட்டார். உதடு வெளிறிப் போயிருந்தது. எழும்பச் சொன்னேன், கால் வரவில்லை என்றார்.

எனக்குப் பயம் பிடித்தது. ஓடிப்போய்ப் பெண்களின் கூடாரத்தில் கூப்பனைக் கொடுத்தேன். பெரிய கிடாரத்தில் பார்லிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இறைச்சி போட்டதோ என்று கேட்டேன். எங்கள் கடிதம் வாசிக்கும் பெண்மணிதான் நின்றா. இல்லையில்லை, பார்லியும் மரக்கறியும், வாசத்துக்கு ஒரு துளி பன்றிக் கொழுப்பு, அதை இறைச்சி என்று சொல்ல முடியாது என்று அன்பாகச் சொன்னா. எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காவிட்டாலும் கண் இருக்கிறதே. கோப்பையில் சுண்டுவிரல் நகமளவு இளஞ்சிவப்புத் துண்டுகள் மிதந்தன.

கூடாரத்தின் பின்பக்கம் போய் மழையில் நின்றேன். கரண்டியால் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் வாயில் போட்டேன். ஏழோ எட்டோ இருந்தன. தட்டிலிருந்து இறைச்சியை எடுத்து வைத்த அந்தக் கடைச் சமையல்காரனை நினைத்து நான் எத்தனை தரம் சிரித்திருப்பேன். இரக்கத்தில் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி ஆத்திரம். உன் நேர்த்தியும் நீயும், குடித்தால் என்ன குடிமுழுகியா போகும் என்ற ஆத்திரம். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். வெறும் பார்லி அண்ணை, நான் கேட்டு விசாரித்துத்தான் வாங்கினேன் என்றேன்.

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முகத்தில் இரத்தம் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல சூப், இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ என்று கேட்டார். இன்னும் கொண்டுவந்தேன், பொறுக்கித்தான் கொண்டுவந்தேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவரே எழும்பி, எங்கே அந்தக் கார் என்று கேட்டார். மோதி விளையாடும் கார். மனுசனுக்குச் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னுக்கு வந்து என்னை இடித்தார், திரும்ப வந்து இடித்தார். இடித்துவிட்டு வாயைத் திறந்து சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப் பல்லு ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் சந்தோசமாக இருந்த முதல் மணித்தியாலம் அது. இதையும் ஒளிக்க விருப்பமில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அண்ணையின் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒரு பொடியன் வீட்டுக்கு வந்து சொன்னானாம். அடித்ததில் காய்ச்சல் கண்டு, மருந்தில்லாமல், தம்பி முடிந்துபோனானாம். உடம்பையும் கொடுக்கவில்லை. என்ன திகதி என்று அந்தப் பொடியனுக்கும் தெரியவில்லை. மழைக்காலம் தொடங்கின மட்டில் என்று மட்டும் சொன்னானாம். ஊரில் அது ஒக்டோபர்.

அண்ணை அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமாகப் போய் விசாரித்தார். என் சட்டியில் ஆராவது காய்ச்சினீங்களோ, என் அகப்பையைக் கறிக்குள் விட்டீங்களோ என்று. கோபமில்லை, சங்கக்கடையில் இருப்பில் குறைந்த சாமானைத் தேடுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார். அவனவன் பிள்ளையார் சத்தியம் பண்ணினான். கடைசியாக அறைக்கு வந்து என் கட்டிலில் இருந்தார்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லு. அண்டைக்குச் சில்பியில தந்த சூப்பில ஏதும் கிடந்ததோ?"

"இல்லை அண்ணை. வெறும் பார்லி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. நான் சொன்ன எதையும் அவர் நம்பாமல் விட்டதில்லை.

"அப்ப நான் ஒரு பிழையும் விடேல்லை," என்றார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து, "அப்ப உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று கேட்டார்.

படத்தைக் கிழிக்கவில்லை. மெதுவாக உரித்தெடுத்து, பெட்டிக்குள் உடுப்புகளுக்கு அடியில் முகம் குப்புற வைத்துப் பூட்டினார். அதன் பிறகு அவர் கோயில் வாசல் மிதித்து நான் காணவில்லை. எங்களுக்குக் கிட்டவே திரிம்பாக் என்ற ஊரில் கோயில் வந்த பிறகும் போனதில்லை. சூரிச்சுக்கு வீடு மாறிப் போய் அங்கேயே தனியனாக இருந்து செத்தும் போனார். இடையில் எத்தனையோ வருடம் இருந்தது, நான் சொல்லவில்லை. அவருடைய மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னதாக வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயத்தில் சொன்னேன். என் பெயர் கெட்டுவிடும் என்று சொன்னேன். ஓம், கிடந்தது, நான்தான் தந்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் என்னைக் காறித் துப்பியிருப்பார். துப்பிவிட்டு முருகனையாவது வைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கடிதம் வந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. செத்த வீடு என்றால் எங்கள் ஆட்கள் முப்பத்தொரு நாள் மச்சம் சேர்ப்பதில்லை. அன்று காலையில் காய்ச்சிய கோழிக்கறி சட்டியோடு அடுப்பில் இருந்தது. ஒருவன் அதைத் தூக்கி வெளியில் கொட்டப் போனான். அண்ணை குசினிக்கு வந்து அவன் கையிலிருந்து சட்டியை வாங்கினார். மேசையில் வைத்து, சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, கறியை அள்ளி ஊற்றினார். ஒரு கோழித் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார், மென்றார், விழுங்கினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நான் கதவடியில் நின்றேன். பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளி என்னை இருக்கச் சொன்னார். இன்னொரு கோப்பையை எடுத்துச் சோறு போட்டு, நல்ல துண்டாகத் தெரிந்தெடுத்து என் பக்கம் வைத்தார்.

"நீயும் சாப்பிடு தம்பி. இவ்வளவு நாளும் என்ர நேர்த்தியை மதிச்சது நீ ஒருத்தன்தான்."

சாப்பிட்டேன்.