ரவை மூட்டைகளுக்குப் பின்னால்

பேரனுக்கு ஊசி போட ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததுமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இப்போது கம்பெனிச் சுவர் நிற்கும் இடத்தில் அப்போது எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லுவோம், ஆனால் காதெல்லாம் ரோட்டில்தான் இருக்கும், ஏனென்றால் இதே ஸ்பிரிட் வாசனையோடு அம்மை குத்துகிறவரின் ஜீப் எந்த நாளிலும் வந்துவிடலாம்.

அது வந்த அன்று, என் பக்கத்தில் உட்காரும் நாகம்மா மதிய உணவுக்கான ரவை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்; என்னோடு மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள்.

"சொல்லிடாதடி" என்றாள்.

பேர் வாசித்துக்கொண்டு வந்த டீச்சர், "நாகம்மா எங்கடி?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க டீச்சர்" என்றேன். ஆனால் என் கண் மூட்டைப் பக்கம் போய்விட்டது.

இழுத்து வந்து குத்தியபோது அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை, தெலுங்கில்கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.