பிசியோக்காவின் பதவி உயர்வு

பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. முதலில் இடுப்பைப் பார்க்கிறார், பிறகு முழங்காலை, கடைசியில் செருப்பின் குதிகால் பக்கத்தை. எங்கள் குடியிருப்பில் பல வருடங்களாக இருந்தும் பாதிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது. "மூணாவது மாடி இடது இடுப்பு இன்னிக்குத் தேவலை போலிருக்கு, லிஃப்ட்டுக்கு நிக்காம படியிலயே வந்தாரு" என்பார். நான் குடிவந்த அன்று மாடிப்படியில் எதிரே வந்தவர், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "உங்களுக்கு வலது செருப்பு சீக்கிரம் தேஞ்சிடுமே?" என்று கேட்டார். தேயும். அன்றிலிருந்து அவரைக் கண்டால் நேராக நடக்க முயல்கிறேன். அதையும் கண்டுபிடித்துவிடுகிறார். "எனக்காக நடக்காதீங்க. உங்களுக்காக நடங்க."

இங்குள்ள தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் அவர் பிசியோக்கா. பெரிய மருத்துவமனை ஒன்றின் எலும்பு வார்டில் பிசியோதெரபிஸ்ட். காலையில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவரை மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி நிற்கவைப்பது அவர் வேலை. நோயாளிகள் ஒரு வாரம் அவரை மனதாரத் திட்டுகிறார்கள். வீட்டுக்கு நடந்து போன பிறகு பூங்கொத்து அனுப்புகிறார்கள். பூங்கொத்து அறுவை செய்த டாக்டருக்குப் போகிறது.

ஆள் சிறிய உருவம். கட்டைவிரல்கள் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருக்கும். வீட்டில் பாட்டில் மூடிகூடத் திறக்கமாட்டார். "விரலை எல்லாம் வார்டுல குடுத்துட்டு வந்துட்டேன், நீங்க திறங்க" என்று கணவரிடம் நீட்டிவிடுவார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஓவர்டைம் நிறையப் பார்த்த மாதங்களில் அவருடைய சம்பளம் அக்காவின் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த ஊரிலிருந்து போன் வரும். பாதி அழைப்புகள் முழங்கால் பற்றியவை; உறவினர்கள் கேமராவை முகத்திலிருந்து இறக்கி முட்டியைக் காட்டுவார்கள். மீதி, பிசியோ படித்துவிட்டு வெளிநாட்டைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகள். அவர்களுக்கு அக்காவின் பதில் மாறுவதே இல்லை.

"அங்க எனக்கு டாக்டர்னு பேரு இருந்துச்சு, சம்பளம் இல்ல. இங்க சம்பளம் இருக்கு, டாக்டர்னு யாரும் கூப்பிடறதில்ல. உனக்கு எது வேணும்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடு."

"மேல போக வழி இருக்காக்கா?"

"படி இருக்கு. கைப்பிடி இல்ல."

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர். அவரும் பிசியோதான். ஊரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே தன் பெயர்ப் பலகையுடன் சின்ன கிளினிக் வைத்திருந்தார். அக்கா எவ்வளவோ சொன்னார்: இங்கே பிசியோ லைசென்ஸ் கைக்கு வரும்வரை முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடும் வேலைதான் கிடைக்கும்; அது வந்த பிறகும் உன்னைவிடச் சின்னவர்களுக்குக் கீழே கடைசி ஆளாகத்தான் தொடங்க வேண்டும்; கிளினிக் போர்டை இறக்காதே. அம்மாவுக்கு இது வேறு மாதிரி கேட்டது. "தான் மட்டும் போய் நல்லா இருந்தா போதும்னு நெனைக்கிறா" என்று சொந்தத்தில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா தடுக்கவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

தம்பி வந்தார். அக்கா வீட்டு வரவேற்பறை சோபாவில் படுத்து, முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, லைசென்ஸ் தேர்வில் இரண்டாம் முறை தேறி, அக்காவின் மருத்துவமனையிலேயே, அதே வார்டில் வேலைக்குச் சேர்ந்தார். இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். சில நாள் அது அக்காவின் கணவர், தம்பிக்கு மாமா, ஓட்டும் பேருந்தாக இருக்கும். அன்றும் இருவரும் டிக்கெட் எடுப்பார்கள்.

தம்பி சேர்ந்து ஒரு வருடம் தாண்டியபோது வார்டின் தலைமை பிசியோ ஓய்வு பெற்றார். அக்கா அந்த மாதிரிப் பதவிக்கு ஏற்கெனவே இரண்டு முறை நேர்முகத்துக்குப் போய்த் தோற்றவர். இரண்டு முறையும் ஒரே காரணம் சொன்னார்கள்: "குழு செய்ததைச் சொன்னீர்கள். நீங்கள் செய்தது என்ன என்று தெரியவில்லை." இந்த முறை பயிற்சி கொடுக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் அவர், எதிரே அக்கா, ஓரமாகத் தட்டோடு தம்பி. இறுகிப்போன தோளுக்கு அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் ஒரு மாலை அங்கே இருந்தேன்.

"சொல்லுங்க. அந்த நோயாளியை நடக்கவெச்சது யாரு?"

"அவரேதான் நடந்தாரு."

"தப்பு. நீ நடக்கவெச்ச."

"கால் அவரோடதுங்க."

"கால் அவரோடதா இருக்கட்டும். வேலை உன்னோடது. 'நான்'னு ஆரம்பி."

"நான்…" என்று தொடங்கி அக்கா நிறுத்தினார். "நானும் நர்சம்மாவும் சேர்ந்து…"

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நூறு பயணிகளோடு போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுகூட அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார்.

தம்பி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அக்கா, நானும் போட்டிருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"அதே போஸ்ட்டுக்கு. அனுபவத்துக்காகத்தான். ஊர்ல கிளினிக் நடத்தினதை எல்லாம் கணக்குல எடுத்துக்கறாங்களாம்."

அக்கா அவரைப் பார்த்தார். "நாளைக்குச் சட்டை அயர்ன் பண்ணிக்கோ. கசங்கினதைப் போட்டுட்டுப் போகாத" என்றார்.

வேலை தம்பிக்குக் கிடைத்தது.

செய்தி வந்தபோது அக்கா ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. நோயாளி ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து உட்காரும்வரை அதை எடுக்கவில்லை. எடுத்துப் படித்தார். மறுபடி பையில் போட்டுவிட்டு, "நாம தண்ணி குடிக்கலாமா?" என்று நோயாளியிடம் கேட்டு, தானும் ஒரு தம்ளர் குடித்தார்.

அன்று மாலை என் தோளுக்கு முறை. வழக்கத்தைவிடக் கையை அதிகமாகத் தூக்கினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கணும்." கையை விடாமலே சொன்னார்: "ஒரு பெரியவர் இருந்தாரு. இடுப்பு உடைஞ்சு வந்தவரு, நிக்கவே மாட்டேன்னு அடம். மாசக்கணக்கா படுக்கை. நானும் தம்பியும் தினமும் சேர்ந்து தூக்கி, கடைசியில நடந்தே வீட்டுக்குப் போனாரு. இன்டர்வியூல அதைத்தான் சொன்னேன். நாங்க செஞ்சோம்னு. அவனும் அதையேதான் சொல்லியிருக்கான். நான் செஞ்சேன்னு."

"அது பொய்யில்லையா?"

என் கையை இறக்கி மடியில் வைத்தார். "பொய்னு சொல்ல முடியாது. பாதி."

நிர்வாகம் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதனால் வேலைக்கு இடைஞ்சல் வராது என்று நம்பியது. அம்மா போனில், "ஏன்டி, ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுக்கமாட்டாங்களா?" என்று கேட்டார். அடுத்த அழைப்புகளில், மகன் அக்காவுக்கே ஆபீசர் ஆகிவிட்டதாகச் சொந்தத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தார். தம்பி தனியாக வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார். காலையில் ஒரு பேருந்து முன்னதாகப் போய்விடுவார். சோபாவில் அவர் விட்டுப்போன தலையணை உறையை அக்கா துவைத்து, மடித்து, கொடுத்தனுப்பாமல் வைத்திருந்தார்.

வார்டில் அக்கா சண்டை எதுவும் போடவில்லை. தம்பியை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான். மற்றவர்களிடம் இந்த ஊர் மொழியில் பேசுவார். தம்பி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் தமிழ். "சார், நாலாம் நம்பர் கட்டில் நடந்துடுச்சு சார்." "சார், வெள்ளிக்கிழமை லீவு வேணும் சார்." சுற்றி நின்றவர்களுக்கு அது ஏதோ அன்பான குடும்பச் சொல்லாகத் தோன்றியிருக்கிறது. ஒரு நர்சும் தம்பியை அப்படியே கூப்பிடத் தொடங்கினாராம்.

வருடக் கடைசியில் மேலதிகாரி ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது மருத்துவமனை விதி. தம்பி எல்லாரையும் பேசி முடித்துவிட்டு அக்காவைக் கடைசியாக வைத்திருந்தார். அன்று நடந்ததைத் தம்பியே எனக்குச் சொன்னார். அக்காவிடம் கேட்டேன், அவர் மறுக்கவில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. தம்பி கதவைச் சாத்தினார். அச்சடித்த கேள்வியை வாசித்தார். "அஞ்சு வருஷத்துல உங்களை எந்த இடத்துல பாக்கறீங்க?"

"இதே வார்டுல, சார்."

"அப்படிப் போட முடியாதுக்கா. முன்னேற்றம்னு ஏதாவது சொல்லணும்."

"நீங்களே எழுதிக்கோங்க சார். உங்களுக்குத்தான் அது நல்லா வரும்."

தம்பி பேனாவை மூடினார். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். தலைமைப் பதவிக்கு வந்ததிலிருந்து அவர் நோயாளி யாரையும் தொடவில்லை; பகல் முழுக்கக் கணினி, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்கிற அட்டவணை, கூட்டம், மறுபடி கணினி. சம்பளம் நன்றாகத்தான் கூடியிருந்தது.

"அந்தப் பெரியவரை இடுப்புல பிடிச்சிருந்தது நீதான்" என்றார். "நான் கால் பக்கம் நின்னேன். அவங்க கேட்டப்ப, 'நான்'னு வந்துடுச்சு. மாமா அப்படித்தானே சொல்லிக் குடுத்தாரு."

"மாமா எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

"தெரியும்." தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த போஸ்ட் வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"எழுதிக் குடுத்துட்டு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் போனார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தம்பியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அது கணினியை நோக்கி ஒரு சாண் முன்னால் வந்து நின்றிருந்தது, தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன.

அக்கா எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். "கொஞ்சம் எழும்புடா" என்றார். தம்பி பாதி எழுந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த நெம்புகோலை விரலால் தூக்கி, நாற்காலியை மேலே ஏற்றினார். தள்ளி நின்று அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பிறகு அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார்.