டார்ஜிலிங்கில் ஒரு திங்கட்கிழமை

வெங்கடநாராயணன் முப்பத்திரண்டு வருடங்களாகக் கல்கத்தா கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறார். துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் சுங்கப் பத்திரத்தில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. காளிகாட்டில் வீடு. மனைவி இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வெயில் அந்த வீட்டில் எந்தச் சுவரில் விழும் என்று அவருக்குத் தெரியாது.

பிப்ரவரிக் கடைசியில் அவருக்கு அறுபது முடிகிறது. இன்னும் ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டிருந்தார். முதலாளி சன்யால் பாபு, "திங்கட்கிழமை நேரில் பேசலாம்" என்றார். நீட்டிப்பு இல்லையென்றால் மார்ச் முதல் தேதி காலையில் எங்கே போவது என்பதுதான் அவர் கவலை.

அதற்கு முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுப்புப் போட்டுவிட்டு மகள் சாய்பிரியாவைப் பார்க்க டார்ஜிலிங் போனார். அவள் அங்கே பள்ளி ஆசிரியை. வீட்டு விஷயத்தை ஆபீசில் சொல்லும் வழக்கம் இல்லாததால், எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வர ஞாயிறு மாலை ரயில்.

ஞாயிறு காலை எழுந்தபோது எதிர்வீட்டுத் தகரக் கூரையைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ இருந்தது. அது இன்னும் விழுந்துகொண்டும் இருந்தது. ஜீப் ஸ்டாண்டில் கேட்டதில், வண்டி எதுவும் இறங்காது என்றார்கள்.

ஆபீசில் மேனேஜர் கௌசிக்கும் தமிழன்தான். ஆனால் கல்கத்தாவிலேயே வளர்ந்தவன், தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் வெங்கடநாராயணன் ஆங்கில எழுத்தில் அடித்தார்: "இங்கே ஒரே பனி. திங்கள் வர முடியாது." மறு நிமிடம் மின்சாரம் போயிற்று. பிற்பகலுக்குள் இருவருடைய போனும் அணைந்தன.

திங்கட்கிழமை சன்யால் பாபுவின் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், அவர் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து காபி குடித்தார். பள்ளிக்கும் விடுமுறை. பால்கனிக் கம்பிமேல் சேர்ந்த பனியை மகளின் மர ஸ்கேலால் அளந்தார். மூன்றே கால் அங்குலம். பகல் பதினொரு மணிக்குப் படுத்துத் தூங்கினார். எழுந்து மிளகு ரசம் வைத்தார்.

"என்னப்பா, ஆபீஸ் ஞாபகம் வரலையா?"

"வந்தது. அதான் தூங்கிட்டேன்."

செவ்வாய் காலை மின்சாரம் வந்தது. சிறிது நேரத்தில் போன் அடித்தது. கௌசிக்.

"மாமா, எங்க இருக்கேள்? நேத்து சாயங்காலம் பம்ப் செட்டோட உங்காத்துக்குப் போனேன். பூட்டு தொங்கறது. தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணி?"

"ஒரே பானின்னு போட்டிருந்தேளே."

"ஹிந்தி பானி இல்லடா, தமிழ்ப் பனி. டார்ஜிலிங்ல இருக்கேன். வானத்துலேர்ந்து கொட்டறது."

கௌசிக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் டேங்க் வெடிச்சு ஆத்துக்குள்ள தண்ணி புகுந்துடுத்துன்னு சன்யால் பாபுகிட்ட சொல்லிட்டேன். பாவம்னு ஒரு வருஷம் போட்டுட்டார். லெட்டர் டைப் ஆறது. நீங்க வாயே திறக்காதீங்கோ."

வெங்கடநாராயணன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

"போய் சொல்லு, தண்ணி இல்ல, பனின்னு."

"கேன்சல் பண்ணிடுவார் மாமா."

"தப்பான பேர்ல வந்த சரக்கை நான் விட்டதில்ல. இதை மட்டும் எப்படி விடறது?"

"ஐயோ, நீங்களும் உங்க சரக்கும்" என்று கௌசிக் வைத்துவிட்டான்.

மாலையில் மறுபடி பேசினான். சன்யால் பாபு முதலில் சிரித்தாராம். பிறகு கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் அந்த மேஜையை சிவராஜிடம் கொடுத்துவிடலாம் என்றாராம். சிவராஜ் பக்கத்து மேஜைக்காரர். அவரும் அந்த வேலையைக் கேட்டிருந்தார்.

"நாளைக்குக் கிளம்பினா வந்துடலாம் மாமா."

"பார்க்கறேன்."

புதன் காலை வெயில் அடித்தது. கூரைகளிலிருந்து பனி மொத்தையாகச் சரிந்து தெருவில் விழுந்தது. பாதை திறந்துவிட்டது. சாய்பிரியா ஜீப் ஸ்டாண்டுக்குப் போன் செய்து, பேச்சின் நடுவே போனைக் கையால் பொத்தினாள்.

"மதியம் வண்டி இருக்காம். ராத்திரி ரயிலைப் பிடிச்சா நாளைக்குக் காலைல கல்கத்தா. ஒரு சீட் சொல்லட்டுமா?"

அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பாதி ஆகியிருந்தது.

"உனக்கு ஸ்கூல் எப்போ திறக்கறது?"

"திங்கட்கிழமை."

"சனிக்கிழமைக்குச் சொல்லு."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு நேபாளியில் ஏதோ பேசினாள்.

"முன் சீட்டா, பின் சீட்டான்னு கேக்கறான்."

"ஜன்னல் ஓரமா எது இருக்கோ அது" என்றார்.