இலத்தூர் விலக்கில் இறங்குகிறவள்

தனக்கு நடக்கப் பிடிக்கும் என்பது சண்முகசுந்தரிக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவள் நடந்ததெல்லாம் வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து வீட்டுக்கும்தான்.

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. கணவர் வல்லிநாயகம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். வீட்டை ஆண்டது அவருடைய அண்ணன் சிவசுப்பிரமணியன். வயல், தோப்பு, கோயில் காரியம் எதிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கூடத்தில் நின்றால் தம்பி முற்றத்தில் நிற்பார். சண்முகசுந்தரிக்குப் பிள்ளை இல்லை. ஊர் அவளைப் பற்றிப் பேசுவதெல்லாம் அந்த ஒரு பேச்சோடு முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் சாரல் பிடித்ததும், சிவசுப்பிரமணியனின் மனைவி பார்வதியம்மாளும் அவளும் குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். வழக்கமாகக் கூண்டு வண்டிதான். அந்த வருஷம் மாட்டுக்குக் கால் புண் என்பதால் பஸ்ஸில் போனார்கள். மேலகரம் தாண்டியதும் இஞ்சினிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பி வண்டி நின்றுவிட்டது. டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கண்டக்டர் சேக் மைதீன் வாளியோடு வாய்க்காலுக்கு ஓடினார்.

சண்முகசுந்தரியும் இறங்கினாள்.

"ஏட்டி, எங்கன போறே? ஏறி உக்காரு" என்றாள் பார்வதியம்மாள்.

"அருவி தெரியுதுல்லாக்கா. நான் முன்னால நடந்து போறேன்."

பின்னால் கூப்பிட்ட குரலைக் காதில் வாங்காமல் அவள் வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டாள். ஒரு பக்கம் நாற்றங்கால், மறுபக்கம் சலசலவென்று தண்ணீர். எதிரே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. முகத்தில் தூறல் விழுந்தது. யாரும் அவளுக்கு முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு கொக்கைப் பார்ப்பதற்காக நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் குற்றாலம் வந்து சேர்ந்தபோது அவள் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சமையலை முடித்துவிட்டு, பார்வதியம்மாளிடம் "வந்துருதேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஒரு நாள் இலஞ்சியில் இறங்கி மாந்தோப்பு வழியாக நடப்பாள். ஒரு நாள் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் மிளகாய் வயல் வரப்புகளில் சுற்றுவாள். அவளுக்கு அதிகம் பிடித்தது இலத்தூர். கடையநல்லூர் போகிற பஸ்ஸில் ஏறி ஊருக்குப் பாதை பிரிகிற இலத்தூர் விலக்கில் இறங்கினால் போதும். அங்கிருந்து குளத்துக்கரை மேலேயே நடக்கலாம். ஏற்றம் கிடையாது, முள் கிடையாது. தண்ணீர் நிறைந்த நாளில் மலை முழுசாகக் குளத்துக்குள் கிடக்கும். கரை முடிந்து ஊரைத் தாண்டிச் செங்கோட்டை ரோட்டைப் பிடித்தால், திரும்புவதற்கு வேறு பஸ்.

செங்கோட்டைப் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். எல்லையில் சுங்கச் சாவடிச் சேவகன் ஒருவன் அவளை நிறுத்தினான்.

"எந்தா காரியம்?"

"ஒரு காரியமும் இல்ல. சும்மா நடக்கேன்."

சேவகன் அவள் பையைத் திறந்து பார்த்தான். புகையிலை இல்லை, உப்பு இல்லை. ஒரு தயிர்ச்சோற்றுப் பொட்டலமும் இரண்டு நார்த்தங்காய்த் துண்டும்தான் இருந்தன. கடத்துகிறவளைப் பிடிக்க அவனுக்குத் தெரியும். சும்மா நடக்கிறவளை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. விட்டுவிட்டான்.

ஊர் அப்படி விடவில்லை. ஆவணியில் பேச்சு சிவசுப்பிரமணியனின் காதுக்கு வந்தது. தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசும் வழக்கமில்லை. தம்பியை அழைத்து நிறுத்தி, கதவுக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கேட்கும்படி பேசினார்.

"ஏலே, வெள்ளிக்கிழமை தோறும் அவ எங்கன போறா?"

வல்லிநாயகம் தரையைப் பார்த்தார்.

"இலஞ்சி குமாரர் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டுப் போறான்னு நாலு பேருகிட்ட சொல்லிருதேன். அங்க போயிட்டு நேரா வீட்டுக்கு வரட்டும். கேக்கவனுக்கும் ஒரு பதில் ஆச்சு."

சண்முகசுந்தரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அவர் முகத்துக்கு நேராக அவள் நின்றது அன்றுதான்.

"முருகன் பேர்ல பொய் சொல்ல வேண்டாம் அத்தான். நான் வரம் கேக்கப் போகல. நடக்கப் போறேன்."

"நடந்து?"

"நடந்து திரும்பி வாறேன்."

சிவசுப்பிரமணியன் அப்போதும் தம்பியைப் பார்த்தே சொன்னார்: "அப்படின்னா நீயும் கூடப் போலே. புருஷன் கூடப் போனா எவனும் கேக்க மாட்டான்."

அதற்கும் அவளே பதில் சொன்னாள். "அவுகளுக்கு நடக்கணும்னு தோணிச்சுன்னா வரட்டும். எனக்குக் காவலா வர வேண்டாம்."

அன்று இரவு அந்த வீட்டில் விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். வல்லிநாயகம் விசிறியை ஆட்டிக்கொண்டே கிடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது சேக் மைதீன் குறுக்கே கையை நீட்டினார். கைதான் நீண்டதே தவிர முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"முதலாளி ஏத்தக் கூடாதுன்னுட்டாக தாயி. உங்க வீட்டுப் பெரியவுக சொல்லி வச்சிருக்காக."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். சண்முகசுந்தரிக்குக் காது மடல் வரை சுட்டது. காலை எடுத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் போகிற ரோட்டிலேயே நடக்கத் தொடங்கினாள். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. சற்று நேரத்தில் பஸ் அவளைப் புழுதியில் முக்கிவிட்டு முன்னால் போயிற்று. இலத்தூர் விலக்கு வரை நடந்து, குளத்துக்கரையையும் நடந்து, திரும்பியும் நடந்தே வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது குதிகாலில் ரத்தம் கசிந்திருந்தது. பார்வதியம்மாள் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுவாரமும் நடந்தாள். அதற்கடுத்த வாரம் ஊர் எல்லை தாண்டி அவள் போய்க்கொண்டிருந்தபோது பஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றது. சேக் மைதீன் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க தாயி. இங்கன பாக்க யாருமில்ல. முதலாளி கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் நின்றாள். கால் கெஞ்சியது. ஆனாலும் ஏறவில்லை.

"யாருமில்லாத எடத்துல ஏறதுக்கு நான் என்ன திருட்டுச் சாமானா? ஊருக்குள்ள வச்சுல்லா இறக்கி விட்டீரு! வார வெள்ளிக்கிழமை அங்கனயே வாறேன். நாலு பேரு பாக்க ஏத்தும்."

சேக் மைதீன் தாடியைத் தடவினார். "வாங்க" என்றார். பஸ் போய்விட்டது.

விஷயம் எப்படியோ பரவியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பஸ் நிற்கும் இடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். சிவசுப்பிரமணியனே வந்து படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தோளில் பட்டு அங்கவஸ்திரம், நெற்றியில் நிறைய திருநீறு. அன்று அவர் தம்பியைத் தேடவில்லை. அவளிடமே கேட்டார்.

"எங்கன போறே?"

"இலத்தூருக்கு அத்தான்."

"எதுக்கு?"

"சும்மா."

"இந்த ஊர்ல எந்த வீட்டுப் பொம்பளை சும்மா போறா? சொல்லு பாப்போம்."

"போக விட்டாத்தானே அத்தான் தெரியும்?"

கூட்டத்தில் காய்க்கூடையோடு நின்ற தங்கபுஷ்பம் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிவசுப்பிரமணியனுக்கு முகம் கறுத்தது.

"இதுல ஏறினா என் வீட்டு நடையில கால் வைக்கக் கூடாது."

சண்முகசுந்தரி வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வயதிலிருந்து அவள் சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசல் அது.

"சரி அத்தான். சாயங்காலம் வந்து வெளியே நிக்கேன். என் துணிமணிய எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

சேக் மைதீன் இந்தத் தடவை கையை நீட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வழி விடுங்க, வழி விடுங்க, தாயி ஏறட்டும்" என்று சத்தம் போட்டார். அவள் ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, விலக்கில் இறங்கி, வழக்கம்போல நடந்தாள். அன்று கரையில் ஒரு அடி கூடக் குறைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி நின்றது. மேலே அவளுடைய டிரங்குப் பெட்டி, குத்துவிளக்கு, உரல். வல்லிநாயகம் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

"மேலகரத்துல ஒரு ஓட்டு வீடு பேசிட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீய?"

"போறேன்னு சொன்னேன்." அவ்வளவு சொல்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும். "வண்டியில ஏறு."

"நான் நடந்தே வாறேன்."

வல்லிநாயகம் அவளைப் பார்த்தார். வண்டிக்காரனை முன்னால் போகச் சொன்னார். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு தாமும் நடந்தார். பாதி வழியில், "இந்தப் பக்கம் இவ்வளவு மருத மரம் உண்டா?" என்று கேட்டார்.

பெரிய வீட்டுக் கதவு அதன் பிறகு திறக்கவில்லை. அவள் தூக்கி வளர்த்த பார்வதியம்மாளின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது அழைப்பு வரவில்லை. மேளச் சத்தம் வந்த திசையைப் பார்த்து அவள் அன்று முழுக்க அழுதாள். அழுதாளே தவிர, போய் மன்னிப்புக் கேட்கும்படி அக்கம்பக்கத்தார் சொன்னபோது, "என்ன தப்புக்கு?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாள். மேலகரத்துப் பெண்கள் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவளோடு நடக்க ஒருத்தி வந்தாள், பிறகு இரண்டு பேர். தங்கபுஷ்பம் காய் விற்று முடித்த நாட்களில் வெறும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட நடப்பாள்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் குறைந்தன. ஓடினவையும் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் இருமின. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளும்போது, பஸ்ஸைவிட வேகமாக மேலே போய் நின்று வேடிக்கை பார்ப்பாள் சண்முகசுந்தரி.

நாற்பத்துநாலாம் வருஷம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பார்வதியம்மாள். தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு தூக்குவாளி.

"உள்ள வாங்கக்கா."

"உள்ள வர நேரமில்லட்டி. பஸ்ஸு போயிரும்லா? புளியோதரை கிண்டிக் கொண்டாந்திருக்கேன்."

"அத்தான்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீய?"

"கேட்டாக. நடக்கப் போறேன்னேன். வாயப் பொளந்துகிட்டு நின்னாக. வந்துட்டேன்."

சண்முகசுந்தரி பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் பார்வதியம்மாள் ஜன்னல் ஓரம் வேண்டுமென்று சண்டை போட்டு உட்கார்ந்தாள். விலக்கில் இறங்கியதும் முழங்கால் வலி என்றாள். கரையில் ஏறக் கை கேட்டாள். மேலே ஏறிக் குளத்தைப் பார்த்ததும் கையை உதறிவிட்டாள். தண்ணீர் கரை தொட்டு நின்றது. நாரைகள் கூட்டமாக எழுந்து பறந்தன.

"மெதுவா போங்கக்கா, வழுக்கும்" என்றாள் சண்முகசுந்தரி.

பார்வதியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, தூக்குவாளி ஆட ஆட முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.