மொட்டைக் கையோடு பெண் பார்க்கப் போனது

நான் பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். எங்கள் ஊர் சுருவிலில் மழையே குறைவு என்பதால் பழியை முழுக்க என்மேல் போடவும் முடியாது. படிப்பில்லாதவனுக்கு முகமாவது வேண்டும். நயினாதீவு அம்மன் கோயிலில் பெண் வீட்டார் என்னைப் பார்க்க ஏற்பாடானபோது, அந்த முகத்தில் நாலு நாள் தாடி. சலூன்காரரோ கலியாண வீடொன்றுக்காகச் சரவணைக் கிராமத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் அப்பா விட்டுப்போன சவரக்கத்தி இருந்தது. அவர் அதைத் தீட்டிய சாம்பல் நிறக் கல்லும் இருந்தது. மலையில் வெட்டியெடுத்த கல். தொட்டால் குழந்தைக் கன்னம். கப்பலில் வேலை செய்யும் அத்தான் கொண்டுவந்த கொம்பனிக் கல்லும் இருந்தது. அது யந்திரத்தில் செய்தது, தொட்டால் அரம். பெட்டியில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அது எறும்பு போன தடம்.

எதில் முதலில் தீட்டுவது? யோசித்தேன். அதுதான் பிழை. அப்பாவின் கல் மூத்தது. அதை விட்டுவிட்டு நேற்று வந்த கல்லைத் தொட்டால் மனுசன் மேலேயிருந்து என்ன நினைப்பார்? அப்பாவின் கல்லில் தண்ணீர் தெளித்து இருபது தரம் தேய்த்தேன். பிறகு கொம்பனிக் கல்லில் இருபது. கூர் பார்க்க இடது கையில் ஓர் இழுப்பு. பாதி மயிர் வந்தது. மீதிக்குப் பதிலாகக் கண்ணில் நீர் வந்தது.

திரும்பவும் அப்பா, திரும்பவும் கொம்பனி, திரும்பவும் கை. முழங்கை தாண்டித் தோளுக்கு வந்தபோது அக்கா எட்டிப் பார்த்தா.

“என்னடா, கோழி உரிக்கிறியோ?”

“கூர் பாக்கிறன் அக்கா.”

“எந்தக் கல்லிலை முதல் தீட்டினனீ?”

“அப்பான்ரை கல்லிலை.”

“விசரா! சுவருக்கு வெள்ளையடிச்சுப்போட்டு ஆரும் சாந்து பூசுவினமே? சொரசொரப்பு முதல், வழவழப்பு பிறகு.”

மாற்றித் தீட்டினேன். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போனது. முகம் மாம்பழமாயிற்று. சந்தோசத்தில் இடது கையை இன்னொரு தரம் மழித்து, நெஞ்சிலும் பாதியை எடுத்துவிட்டேன். முழுக்கைச் சேட்டுப் போட்டால் யாருக்குத் தெரியும்?

கோயில் வாசலில்தான், ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம்.

கழற்றினேன். பெண்ணின் தகப்பனார் என் வலது கையைப் பார்த்தார்: கரடி. இடது கையைப் பார்த்தார்: கத்தரிக்காய். நெஞ்சைப் பார்த்துவிட்டு அம்மனைப் பார்த்தார். தாயின் பின்னால் நின்ற பெண்ணின் தோள்கள் குலுங்கின.

“தம்பி, உமக்கு ஏதும் தோல் வருத்தமோ?”

“இல்லை ஐயா. சவரக்கத்தி தீட்டிப் பாத்தனான்.”

அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் நாடியில், உதட்டுக்குக் கீழே, மூன்று புதுக் காயங்கள்.

“என்ரை கத்தி ஒரு வருசமாப் பிடுங்குது. எப்பிடித் தீட்டினனீர்?”

“சொரசொரப்பு முதல், வழவழப்பு பிறகு, ஐயா,” என்றேன், தாயின் வயிற்றிலேயே படித்தவன்போல.

“மூளையுள்ள பெடியன்,” என்றார் மனைவியிடம். கூட வந்திருந்த அக்காவுக்கு இருமல் வந்தது.

சம்மதம் கிடைத்தது. கொம்பனிக் கல் புது மாமா வீட்டுக்குப் போயிற்று. கலியாணத்தன்றும் மாப்பிள்ளைக்குச் சேட்டில்லை என்பதால், கை முளைத்த பிறகு நாள் வைக்கும்படி பெண் சொல்லியனுப்பினாள்.