ரூத்தை விட்டுவர நீடாமங்கலம் போனோம்

சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் வண்டி ஏறினோம். நான், என் கணவர் சாமுவேல், ஐந்து வயது மகள் ரூத். நீடாமங்கலத்துக்கு முப்பது கிலோமீட்டர். பெரியவர்களுக்கு ஐந்து ரூபாய், ரூத்துக்கு அரை டிக்கெட். கையில் இருந்த மூன்று பைகளில் இரண்டு அவளுடையவை. எங்கள் துணியை ஒரே பையில் திணித்திருந்தேன், நாங்கள் மறுநாளே திரும்பிவிடுவோம். ரூத் எங்களோடு திரும்புவாளா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

விஷயம் இதுதான். அடுத்த புதன்கிழமை நான் ஒரிசா மலைப்பகுதியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சாகப் புறப்பட வேண்டும். மூன்று வருட ஊழியம். சாமுவேல் டிவி மெக்கானிக். கேபிள் வந்ததிலிருந்து தஞ்சாவூரில் அவருக்குக் கை ஓயாத வேலை. அதை விட்டுவிட்டு அங்கே ஜெனரேட்டரையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்ள வருகிறார். "ஆண்டவர் கூப்பிட்டது இவளை. நான் இவளோட லக்கேஜ்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அந்த மலையில் மலேரியா உண்டு. டாக்டர் எப்போதாவதுதான் வருவாராம். ரூத்துக்கோ கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே வீசிங். முதல் வருடம் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்தாலும் சரி, முடிவு உங்களுடையது என்று மிஷன் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முடிவு உன்னுடையது என்று சாமுவேலும் சொன்னார். ஆண்டவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவரும் அதையேதான் சொல்வது போலிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சாலியமங்கலம் தாண்டியதும் இருபக்கமும் சம்பா அறுவடை. பாதி வயல் அறுத்து மொட்டையாகவும் பாதி தலைசாய்ந்த கதிராகவும் கிடந்தது. பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கள் பைகளை நோட்டம் விட்டார்.

"எங்கம்மா, துபாயா?"

"இல்லைங்க. ஒரிசா."

"அங்க என்னா சம்பளம் தர்றாங்க?"

சொன்னேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நர்சு வேலைங்கிற. எங்க தெருப் பொண்ணு சவூதி போயி மாடி கட்டிட்டா. ஒன்ன எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்று உண்மையான கவலையோடு சொல்லிவிட்டு, ரூத்தின் தலையில் ஒரு முழம் கதம்பம் வைத்தார். காசு வாங்கவில்லை. சாமுவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். அவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதை யாரும் குறை சொன்னதில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம் போல அடைத்திருந்தது. லாரியும் பேருந்தும் நெல் ஏற்றிய டிராக்டரும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அந்தப் புகையில் ரூத் இரண்டு முறை இருமினாள். நான் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். "ஒன்னுமில்ல லில்லி, சும்மா இருமல்" என்றார் சாமுவேல். எனக்குச் சும்மா இருமல் என்று ஒன்று கிடையாது.

கேட் திறப்பதற்குள் எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கோரையாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாலு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, பிள்ளை இல்லை. எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்ததும் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த ரூத்தும் மூச்சு விடத் திணறியபோது, பிள்ளை தங்க வேண்டுமென்றால் யாருக்காவது தவிட்டுக்கு விற்றுவிடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஊரில் எல்லாச் சாதியிலும் மதத்திலும் உள்ள பழக்கம்தான். எங்கள் லுத்தரன் சபைப் போதகர் ஐயர் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வோம். அக்கா ஒரு முறம் தவிட்டோடு ஆஸ்பத்திரிக்கே வந்தாள். தவிட்டை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கி, "இனிமே இது எம்புள்ள. ஒனக்கு வளக்கக் குடுத்துருக்கேன்" என்றாள். நர்ஸ் படிப்புப் படித்த நானும் தலையாட்டினேன். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கேட் திறந்தது. அங்கிருந்து டவுன் பஸ், பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வா" என்றாள், சாமுவேலைப் பார்த்து "வாங்க" என்றாள், ரூத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரூத்துக்கென்று புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். உள்ளூர் பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருந்தாள். இரண்டு பைகளையும் அவிழ்த்துத் துணிகளைத் தன் பீரோவில் அடுக்க ஆரம்பித்தபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இன்னும் முடிவு பண்ணல."

"நீ என்னாத்த முடிவு பண்றது? தவிடு குடுத்து வாங்குனவ நான். ஒன்ன அனுப்ப மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லலாம்ல?"

மதியச் சமையலுக்கு அரிசி அளந்தாள். அந்த அடுக்களையில் ஒரு பால்பவுடர் டின் உண்டு. எங்கள் சபையில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இப்படி ஒரு டின்னில் தனியாகப் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் கொட்டி, விற்று, மிஷன் ஊழியத்துக்கு அனுப்புவார்கள். ஊரில் இதை நடத்துவதே அக்காதான். வீடு வீடாகப் போய் யார் டின்னில் குறைகிறது என்று பார்ப்பவள். சின்ன வயதில் எனக்கு ஒரிசா என்ற பேரைச் சொல்லித் தந்ததும் அவள்தான். அன்று அவள் அரிசியை அளந்தாள், களைந்தாள், உலையில் போட்டாள். டின் பக்கம் கை போகவில்லை.

நான் டின்னைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "இருவது வருசமா அரிசி குடுத்தேன்டி. அது பத்தலையா அவருக்கு? தங்கச்சியக் கேட்டாரு, சரின்னேன். இப்ப புள்ளையையும் கேக்குறாரு" என்றாள். ஆண்டவரோடு அவளுக்குச் சண்டை என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அவரோடு சண்டைதான்.

மறுநாள் ஞாயிறு என்பதால் அன்றைக்கே கதிரடித்து முடிக்க வேண்டும் என்று அத்தான் களத்தில் நின்றார். வெயில் தாழ்ந்ததும் அக்கா ரூத்தைக் களத்துக்குக் கூட்டிப் போனாள். "இதெல்லாம் ஒன் நெல்லு, பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆட்கள் கட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தூற்றினார்கள். பதரும் சுணையும் மஞ்சள் மூட்டமாகப் பறந்தன. நான் அடுக்களையில் இருந்தேன். சாமுவேல் அத்தானின் டிவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"லில்லீ!"

அக்காவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ரூத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் விலா உள்ளே உள்ளே இழுத்தது. உதடு வெளுத்திருந்தது. நான் இன்ஹேலரை எடுத்தேன். அதற்கென்றே பையில் வைத்திருந்த காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு அதைச் சொருகி, ரூத்தின் மூக்கையும் வாயையும் மூடினாற்போல் பிடித்தேன். அக்காவிடம் அவளை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னேன். ஒரு முறை அழுத்தினேன், இன்னொரு முறை. ஆண்டவரே, எங்கே கூட்டிப் போகச் சொன்னாலும் போகிறேன், இவளை மட்டும் விட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேரம் பேசிக்கொண்டேயிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூச்சு சீரானது. ரூத் பசிக்கிறது என்றாள்.

அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானை, தலைமுடி, புருவம் எல்லாம் நெல் தூசி. எழுந்து கொல்லைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேறு புடவை கட்டிய பிறகுதான் பிள்ளையின் பக்கத்தில் வந்தாள்.

"வருசத்துக்கு ரெண்டு போகம் இங்க இப்படித்தான் தூசி பறக்கும்" என்றாள். "நான் வயலக் கொண்டு எங்க வைக்கிறது?"

"மருந்து குடுத்துட்டுப் போறேன்க்கா. எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தர்றேன்."

"சொல்லித் தருவ. என் கை ஒன் கையாயிடுமா?"

அக்கா ரூத்துக்குச் சோறு ஊட்டினாள். பீரோவைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பழையபடி பைகளில் வைத்தாள். முடிவு எடுத்தது நானா அவளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிம்மதியும் வரவில்லை. நெல் தூசியிலிருந்து தப்ப வைத்துக் கொசுவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறேனே என்று புதுக் கவலை உடனே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் எங்களைப் பீடத்துக்கு முன்னால் மண்டியிடச் சொன்னார். சபை முழுக்க எழுந்து வந்து எங்கள் தலையிலும் தோளிலும் கைவைத்து ஜெபித்தார்கள். என் தலையில் எத்தனை கை இருந்ததோ, கழுத்து வலித்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்காவின் கை ரூத்தின் முதுகில் இருந்தது. ஜெபிக்கிறாளா, மூச்சைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அரிசியை அளந்துவிட்டு ரூத்தைக் கூப்பிட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்து அரிசிக்குள் விட்டு, ஒரு கைப்பிடி அள்ள வைத்து, டின்னில் போட வைத்தாள். தன் கையால் போடவில்லை. இன்னும் சண்டை தீரவில்லை போலிருக்கிறது.

மூன்று மணி டவுன் பஸ்ஸுக்கு அக்காவும் வந்தாள். சாமுவேலிடம் காலி பால்பவுடர் டின் ஒன்றைக் கொடுத்தாள். பஸ் திரும்பி வந்து நின்றதும் என் காதருகே குனிந்தாள்.

"அங்கயும் சோறுதான வடிப்ப? தெனம் ஒரு கைப்பிடி எடுத்து இதுல போடு."

"மிஷனுக்காக்கா?"

"ஒன் மிஷனும் நீயும். எம்புள்ள ஊருக்குத் திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு."

கேட் அன்றைக்கும் அடைத்திருந்தது. அக்கா ஊர்ப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்பதால் இந்த முறை அதை நான் குறை சொல்லவில்லை.

இதை மலையிலிருந்து எழுதுகிறேன். இங்கே வயலெல்லாம் சரிவில் படிப்படியாக இருக்கிறது. அரிசி தடிமன், சிவப்பு, வேக நேரமாகும். கொசுவலைக்குள் படுத்தும் நான் தூங்குவது குறைவு. ரூத்துக்கு இதுவரை இரண்டு முறை இழுத்து, இரண்டு முறையும் அடங்கிவிட்டது. உலை கொதிக்கும் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் அடுக்களைக்கு ஓடிவந்துவிடுகிறாள். டின்னில் போடுவது அவள் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டாள். கை ரொம்பச் சின்னது. டிக்கெட்டுக்கு நாளாகும்.